திறந்த சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பக்கக் கண்ணாடிகள்: எதை வாங்குவது, எங்கே பொருத்துவது?

தகரக்கூடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். லோட்டஸ் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் வழிவந்த அமைப்பில், குழாய்ச் சட்டகமும் அலுமினியத் தகட்டு உடலும் கொண்ட இரண்டு இருக்கைத் திறந்த கார் ஒன்றை வைத்திருக்கிறேன். எடை 550 கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். நான்கு சிலிண்டர் எஞ்சின். முன்சக்கரங்களின் மேல் சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் குறுகிய மட்கார்டுகள். முன்னால் இருப்பதும் கண்ணாடி, பின்னால் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கின் மேல் இருப்பதும் கண்ணாடி என்பதால் குழப்பம் வராமலிருக்க, முன்னால் இருப்பதை விண்ட்ஸ்கிரீன் என்றே எழுதுகிறேன்.

காரை வாங்கியபோது அதில் இருந்தவை 90 மி.மீ. விட்டமுள்ள வட்டவடிவப் பக்கக் கண்ணாடிகள். டாஷ்போர்டுக்கு முன்னால் மேலே கவிந்திருக்கும் மெல்லிய தகட்டில், ஏறக்குறைய 120 மி.மீ. நீளமுள்ள ஒல்லியான கம்பியில் நிற்கின்றன. பார்க்க மிக அழகாக இருக்கின்றன, பயன்தான் இல்லை. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றை நெருங்கியதும் பிம்பம் முழுவதும் கரைந்து விடுகிறது. பின்னால் ஏதோ வருகிறது என்று தெரிகிறதே தவிர, அது லாரியா மரமா என்று தெரிவதில்லை. இரண்டாவது தொல்லை இதைவிடப் பெரியது. எங்கோ தொலைவில் வருவதாக நான் எண்ணிய ஒரு வேன், தடம் மாறுவதற்காக ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கிய கணத்தில் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. நல்லவேளை, அவர் ஹாரன் அடித்தார்.

ஆகவே இரண்டையும் மாற்ற விரும்புகிறேன். எந்த இடத்தில் பொருத்துவது, சமதள ஆடியா குவியாடியா, நடுக்கத்தை எப்படி அடக்குவது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். அழகு கடைசி நிபந்தனைதான்.

மூன்றாவது கியர் எழுதியது:

நண்பரே, கண்ணாடியை வாங்கிவிட்டு இடம் தேடுவதுதான் இந்த வகைக் கார்களில் எல்லோரும் செய்யும் தவறு, நானும் செய்தேன். இங்கே உங்கள் கண் இருக்கும் இடம் ஏறக்குறைய மாறாதது. இருக்கை பெரிதாக நகராது, பெல்ட்டை இறுக்கிய பிறகு உடலும் நகராது. ஆகையால் கண்ணிலிருந்து தொடங்குங்கள், கண்ணாடி பிறகு வரட்டும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். தடித்த அட்டையில் 100 மி.மீ. வட்டம் ஒன்றை வெட்டி, அதன் மேல் உடைந்த முகக்கண்ணாடியிலிருந்து எடுத்த சிறிய துண்டை ஒட்டி, வளைத்தால் வளைந்தபடியே நிற்கும் தடித்த கம்பியில் கட்டிக்கொண்டேன். பிறகு நீண்ட தூரம் ஓட்டும்போது எப்படி உட்காருவேனோ அப்படியே உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கி, ஹெல்மெட்டும் அணிந்து, நண்பர் ஒருவரை அந்தத் துண்டை ஒவ்வோர் இடமாகப் பிடிக்கச் சொன்னேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கை எங்கே மறைக்கிறது, விண்ட்ஸ்கிரீனின் பக்கத் தூண் எங்கே குறுக்கே வருகிறது, பின்சக்கர மட்கார்டு பிம்பத்தில் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பவை ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டன. நான் மனத்தில் முடிவு செய்து வைத்திருந்த இடம் முழுப் பயனற்றது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அங்கே பொருத்தியிருந்தால் என் சொந்த முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

பெரும்பாலும் முடிவு விண்ட்ஸ்கிரீன் தூணில்தான் வந்து நிற்கும். சட்டகத்தோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்ட உறுதியான உலோகத் துண்டு அது. அங்கே ஏற்கெனவே திருகுகள் இருக்கின்றன. அவற்றைச் சற்று நீளமானவையாக மாற்றி, இடையில் ஒரு தகட்டு பிராக்கெட்டைச் செருகினால் உடலில் புதிதாகத் துளையிடவே வேண்டாம். ஆனால் பக்கத்திரைகளின் (கதவுக்குப் பதிலாக மாட்டும் துணித் திரைகள்) கீல் அதே தூணில் இருந்தால், திரை திறந்து முன்பக்கமாக மடியும்போது கண்ணாடியின் கைப்பிடியில் இடிக்கும். அதை முதலில் அளந்து பாருங்கள்.

பக்கத்திரையிலேயே கண்ணாடியைப் பொருத்துகிறவர்களும் உண்டு. வெயில் நாளில் திரையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் புறப்பட்டால் கண்ணாடியும் வீட்டிலேயே தங்கிவிடும் என்பது தவிர, துணியும் மெல்லிய சட்டமும் காற்றில் படபடப்பதால் பிம்பம் ஊஞ்சலாடும்.

பழைய கார்களில் பார்த்த ஆசையில் சிலர் முன் மட்கார்டில் பொருத்தலாமா என்று கேட்பார்கள். உங்களுடையது சக்கரத்தோடு திரும்புகிற மட்கார்டு. அதில் பொருத்தினால், வளைவில் கண்ணாடி சாலையோர வேலியைக் காட்டும். பள்ளத்தில் வானத்தைக் காட்டும்.

இன்னொன்று: கண்ணாடியின் வெளிவிளிம்பு முன்சக்கரத்தின் வெளிப்பக்கத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் காரில் முன்சக்கரம் கண்ணெதிரே தெரிவதால், அது நுழைகிற இடத்தில் முழுக் காரும் நுழையும் என்ற நம்பிக்கையில்தான் நாம் ஓட்டுகிறோம். அந்த நம்பிக்கையைக் கண்ணாடி கெடுக்கக் கூடாது.

ஆரமும் விட்டமும் எழுதியது:

உங்கள் வேன் சம்பவத்துக்குக் காரணம் ஏறக்குறைய உறுதியாக ஆடியின் வளைவுதான். பள்ளியில் படித்ததைத் திரும்ப நினைவுபடுத்துவதற்கு மன்னிக்கவும். குவியாடியின் குவியத் தூரம் அதன் வளைவு ஆரத்தில் பாதி. ஆரம் குறையக் குறையப் பிம்பம் சிறுத்துக்கொண்டே போகும். நம் மூளையோ சிறியதாகத் தெரிவதைத் தொலைவில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும்.

கண்ணுக்கும் ஆடிக்கும் இடையே 70 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, 20 மீட்டர் பின்னால் வரும் ஒரு வண்டியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஆரம் 2000 மி.மீ. ஆக இருந்தால், சமதள ஆடியில் தெரிவதில் பத்தில் ஆறு பங்கு அளவில் தெரியும். 35 மீட்டரில் இருப்பதுபோலத் தோன்றும். ஆரம் 1200 மி.மீ. என்றால் பாதிக்கும் சற்றுக் குறைவு. 44 மீட்டர்போலத் தோன்றும். 600 மி.மீ. என்றால் பத்தில் மூன்று பங்குதான். 20 மீட்டரில் இருப்பது 67 மீட்டரில் இருப்பதுபோல ஏமாற்றும். அலங்காரத்துக்காக விற்கப்படும் சிறிய வட்டக் கண்ணாடிகளில் இந்தக் கடைசி வகை நிறைய உண்டு. சிறிய வட்டத்துக்குள் அகலமான காட்சியைத் திணிக்க வேண்டுமென்றால் வளைவைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

உங்களிடம் இருப்பது என்ன ஆரம் என்று வீட்டிலேயே அளக்கலாம். நேரான ஸ்டீல் ஸ்கேல் ஒன்றின் விளிம்பை ஆடியின் நடுவில் படும்படி நிறுத்துங்கள். ஸ்கேல் நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு, இரு முனைகளிலும் இடைவெளி தெரியும். இரு பக்கமும் இடைவெளி சமமாக இருக்குமாறு பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து 40 மி.மீ. தள்ளி ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) செருகிப் பாருங்கள். அங்கே இடைவெளி 0.67 மி.மீ. என்றால் ஆரம் 1200, 1.33 மி.மீ. என்றால் 600. நாற்பதின் வர்க்கத்தை இடைவெளியின் இரு மடங்கால் வகுத்தால் ஆரம் கிடைத்துவிடும்.

விதிகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவை நல்ல அளவுகோல். ஐக்கிய நாடுகள் அவையின் 46-ஆம் வாகன ஒழுங்குவிதி, கார்களின் முதன்மைப் பக்கக் கண்ணாடிகளுக்கு வளைவு ஆரம் 1200 மி.மீ.-க்குக் குறையக் கூடாது என்கிறது. அந்த விதிப்படி சான்று பெற்ற கண்ணாடியில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும், கூடவே மூன்று என்ற ரோமன் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்கக் கூட்டரசின் 111-ஆம் பாதுகாப்புத் தரம் வேறு வழியில் போகிறது: ஓட்டுநர் பக்கம் சமதள ஆடி, பயணி பக்கம் குவியாடி என்றால் அதன் ஆரம் 889 முதல் 1651 மி.மீ.-க்குள். பொருள்கள் தோன்றுவதைவிட அருகில் உள்ளன என்று அந்தக் கண்ணாடிகளில் எழுதியிருப்பது இதனால்தான். சொந்தமாகக் கட்டிய வண்டிக்கும் பழைய வண்டிக்கும் விதி நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், வாங்குமுன் உங்கள் பதிவு விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பரிந்துரை: இரண்டு பக்கமும் 1200-க்குக் குறையாத, இரண்டிலும் ஒரே ஆரமுள்ள குவியாடி. வட்டத்தைவிடக் கிடைமட்டமாக நீண்ட வடிவம் நல்லது. வட்டத்தின் மேல் பாதியில் வானமும் கீழ்ப்பகுதியில் உங்கள் மட்கார்டும்தான் தெரியும். நமக்கு வேண்டியதோ அகலம்.

மழைக்கோட்டு எழுதியது:

மேலே சொன்னவரோடு ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஓட்டுநர் பக்கத்தில் நான் பல ஆண்டுகளாகச் சமதள ஆடியைத்தான் வைத்திருக்கிறேன். திறந்த காரில் தலையைத் திருப்பினால் தோளுக்குப் பின்னால் எல்லாம் தெரியும். மறைக்கத் தூணும் கூரையும் இல்லை. ஆகவே கண்ணாடியிடம் நான் கேட்பது அகலத்தை அன்று, தூரத்தை. வருகிற வண்டி எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பதைச் சமதள ஆடி பொய்யில்லாமல் சொல்கிறது.

நடுக் கண்ணாடியையும் மறந்துவிடாதீர்கள். ரோல் பாரின் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைகம்பி) குறுக்குக் கம்பி காட்சியை இரண்டாக வெட்டினால், கண்ணாடியை விண்ட்ஸ்கிரீனின் மேற்சட்டத்திலிருந்து கீழே டாஷ்போர்டின் மேல்பக்கத்துக்கு இறக்கிப் பாருங்கள். சில கார்களில் கம்பிக்கு அடியில் தெளிவான சாளரம் கிடைக்கும். கூரைத் துணியை மாட்டினால் பின்சாளரத்தில் எதுவும் சரியாகத் தெரியாது, அப்போது பக்கக் கண்ணாடிகள்தான் கதி. நாம் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பதால் பின்னால் வரும் எந்த வண்டியின் ஹெட்லைட்டும் நேரே கண்ணில் அடிக்கும். இரவுக்கென்று கீழ்நோக்கிச் சாய்க்கும் நெம்புகோல் உள்ள நடுக் கண்ணாடியையே வாங்குங்கள்.

பழைய ஃபிட்டர் எழுதியது:

எந்த ஆடியை வேண்டுமானாலும் வாங்குங்கள். அது நடுங்கினால் எல்லாம் ஒன்றுதான். கண்ணாடி கால் பாகை அசைந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி அரைப் பாகை அசையும். 20 மீட்டர் பின்னால் அரைப் பாகை என்பது ஏறக்குறைய 17 செ.மீ., கிட்டத்தட்ட ஒரு ஹெட்லைட்டின் அகலம். குவியாடி போட்டால் நடுக்கம் குறையும் என்று சிலர் சொல்வார்கள். பிம்பம் சுருங்கும் அதே விகிதத்தில்தான் நடுக்கமும் சுருங்குகிறது. தெளிவு ஒன்றும் கூடிவிடாது.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். காரை நிறுத்தி வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சினை மெதுவாக 2000-லிருந்து 4000 வரை ஏற்றுங்கள். நின்ற இடத்திலேயே 3000-ஐ ஒட்டிப் பிம்பம் கரைந்தால் குற்றவாளி சாலையோ காற்றோ அல்ல, எஞ்சினின் அதிர்வுதான். வரிசையாக நிற்கும் நான்கு சிலிண்டர்கள், எஞ்சினின் கிராங்க் தண்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு முறை உலுக்கும். 3000 சுற்றில் அது விநாடிக்கு 100 உலுக்கல். உங்கள் கண்ணாடியும் கம்பியும் சேர்ந்த இயல்பதிர்வு (தட்டிவிட்டால் தானாக அதிரும் வேகம்) அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே.

எஞ்சினை அதே சுற்றில் ஓடவிட்டுக்கொண்டு, ஒருவரை மூன்று இடங்களில் தொடச் சொல்லுங்கள். ஆடியின் விளிம்பில் விரலை மெல்ல வைத்ததும் பிம்பம் தெளிந்து, கூட்டைத் தொட்டால் தெளியாவிட்டால், ஆடி கூட்டுக்குள் ஆடுகிறது. கழற்றி, பின்னால் மெல்லிய பஞ்சு நாடா ஒட்டினால் போதும். கூட்டைப் பிடித்ததும் தெளிந்தால் கம்பியே வில்லாக வேலை செய்கிறது. கண்ணாடியைத் தொடாமல், கம்பியின் அடியைச் சுற்றியுள்ள தகட்டின் மேல் உள்ளங்கையை அழுத்தியதும் தெளிந்தால், கம்பியில் குற்றமில்லை. தகடு முரசாக அதிர்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இந்த மூன்றாவது நோய்தான் என்று சந்தேகிக்கிறேன். ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டின் நடுவில் 120 மி.மீ. கம்பியை நட்டால் அது அதிரத்தானே செய்யும்?

தகடுதான் காரணம் என்றால் உள்பக்கத்தில் 3 மி.மீ. அலுமினியத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகட்டை, மூலைகளை உருட்டி, மேல்தகட்டின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, பாலியூரித்தேன் பசையால் ஒட்டி, அதன் வழியாக போல்ட் போடுங்கள். அல்லது மூன்றாவது கியர் சொன்னபடி தூணுக்கே போய்விடுங்கள். கம்பி காரணம் என்றால் நீளத்தைக் குறையுங்கள். முனையில் எடையுள்ள கம்பியின் விறைப்பு நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதமாகப் போகும். 120-ஐ 80 ஆக்கினால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும், இயல்பதிர்வு 1.8 மடங்காகும். கம்பியை 8 மி.மீ.-லிருந்து 10 மி.மீ. ஆக்கினாலே விறைப்பு 2.4 மடங்கு. இரண்டும் முடியாத இடத்தில், சக்கரத்தைச் சமநிலைப்படுத்த (வீல் பேலன்சிங்) ஒட்டுகிற 5 கிராம், 10 கிராம் எடைகளைக் கூட்டுக்குள் ஒவ்வொன்றாக ஒட்டிப் பாருங்கள். எடை கூடினால் நடுங்கும் சுற்று கீழே இறங்கும். நீங்கள் வழக்கமாக ஓட்டும் சுற்றைத் தாண்டி அது இறங்கிவிட்டால் வேலை முடிந்தது. இது வைத்தியமல்ல, நோயை வேறு தெருவுக்கு அனுப்புவது, ஆனாலும் பலிக்கும்.

காற்றைப் பற்றி எல்லோரும் அதிகமாகக் கவலைப்படுகிறார்கள். 100 சதுர செ.மீ. முகப்புள்ள கண்ணாடியை மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் காற்று தள்ளுவது ஏறக்குறைய 700 கிராம் எடை அளவுக்குத்தான். பந்து மூட்டு அதைத் தாங்கும். மூட்டைத் தளர்த்துவது அதிர்வு. ஆகவே உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் கழலாத நைலாக் நட் போடுங்கள். திருகு கழலாமல் பிடிக்கும் திரெட் லாக்கர் திரவத்தை உலோகத் திருகுகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கூடு பாலிகார்பனேட் அல்லது ஏபிஎஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் அந்தத் திரவம் பட்ட இடத்தில் சில வாரங்களில் மயிரிழை விரிசல் ஓடும். துருப்பிடிக்காத எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நைலான் வாஷரும் ஈரம் புகாத கிரீஸும் வையுங்கள், இல்லையென்றால் மழை நீர் இறங்கி அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். ஃபைபர்கிளாஸில் துளையிட நேர்ந்தால் மேலே நாடா ஒட்டி, டிரில்லை முதலில் பின்பக்கமாகச் சுற்றவிட்டு மேல்பூச்சைத் தேய்த்த பிறகே முன்பக்கமாக இறக்குங்கள்.

தகரக்கூடு எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு வார இறுதிகள் இதிலேயே கழிந்தன.

முதலில் பழைய கண்ணாடிகளை அளந்தேன். நடுவிலிருந்து 40 மி.மீ. தள்ளி 1.3 மி.மீ. ஃபீலர் இலகுவாக நுழைந்தது, 1.4 நுழையவில்லை. ஆக ஆரம் 600 மி.மீ.-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. இத்தனை நாள் நான் எதை நம்பித் தடம் மாறினேன் என்று நினைத்தால் வியர்க்கிறது. ஃபிட்டர் ஐயா சொன்ன மூன்று தொடுதல்களில் அவருடைய சந்தேகமே சரி. உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைத்தவுடன், பின்சுவரில் ஒட்டியிருந்த காலண்டரின் எண்கள் கண்ணாடியில் படிக்கும்படி நின்றன. கையை எடுத்ததும் மறுபடியும் சாம்பல் புகையாகிவிட்டன.

அட்டை வட்டத்தை வைத்துப் பார்த்ததில், ஓட்டுநர் பக்கத்தில் தூணின் நடு உயரத்துக்குச் சற்று மேலே நல்ல இடம் கிடைத்தது. பயணி பக்கத்தில் அதே உயரத்தில் விண்ட்ஸ்கிரீன் தூண் குறுக்கே நின்றதால் 50 மி.மீ. கீழே இறக்க வேண்டியதாயிற்று. இரண்டு பக்கமும் உயரம் ஒன்றாக இல்லை என்பது முன்னாலிருந்து பார்த்தால் தெரிகிறது. பழகிக்கொள்வேன். இரண்டிலும் 1200 மி.மீ. ஆரமுள்ள, கிடைமட்டமாக நீண்ட குவியாடிகளை, 4 மி.மீ. எஃகுத் தகட்டில் வெட்டிய பிராக்கெட்டில், 70 மி.மீ. கைப்பிடியோடு பொருத்தியிருக்கிறேன். மழைக்கோட்டு சொன்ன சமதள ஆடியை ஓட்டுநர் பக்கத்தில் அட்டையோடு வைத்துப் பார்த்தேன். தூரம் மெய்யாகவே தெளிவாகத் தெரிந்தது, ஆனால் நான்குமுனை பெல்ட்டை இறுக்கிய பிறகு என் கழுத்து அவர் சொல்லுமளவுக்குத் திரும்ப மறுக்கிறது.

3000 சுற்றில் இப்போது பிம்பம் நிற்கிறது. 4800-ஐ ஒட்டி லேசாக ஓர் அலை வருகிறது.

ஆரமும் விட்டமும் எழுதியது:

மகிழ்ச்சி. திசை திருத்தும்போது 46-ஆம் விதியின் காட்சிப் பரப்பையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். காரின் பக்கத்தை ஒட்டிச் சுண்ணக்கட்டியால் பின்னோக்கி நேர்கோடு ஒன்று போட்டு, உங்கள் கண்ணிலிருந்து 4 மீட்டர் பின்னால் அந்தக் கோட்டிலிருந்து 1 மீட்டர் வெளியேயும், 20 மீட்டர் பின்னால் 4 மீட்டர் வெளியேயும் ஒவ்வொரு செங்கல்லை வையுங்கள். பெல்ட் போட்டு உட்கார்ந்த நிலையில், தலையை அசைக்காமல் கோடும் இரண்டு செங்கல்லும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும்.

பழைய ஃபிட்டர் எழுதியது:

4800-இல் வரும் அலையைத் தொடாதீர்கள். அந்தச் சுற்றில் நீங்கள் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்திரை திறக்கும்போது பிராக்கெட்டில் இடிக்கிறதா?

தகரக்கூடு எழுதியது:

செங்கல் இரண்டும் ஓட்டுநர் பக்கத்தில் தெரிகின்றன. பயணி பக்கத்தில் அருகிலுள்ள செங்கல்லைப் பின்சக்கர மட்கார்டு பாதி மறைக்கிறது. கண்ணாடியை 15 மி.மீ. வெளியே தள்ளினால் தெரியும், முன்சக்கர வரம்புக்குள் இன்னும் 30 மி.மீ. இருக்கிறது. பக்கத்திரை 6 மி.மீ. இடைவெளியில் பிராக்கெட்டைக் கடந்து போகிறது, இடிக்கவில்லை. ஆனால் வெளியே தள்ளிய பிறகு மறுபடியும் அளக்க வேண்டும்.